அப்புக்குட்டனின் பங்கு

ஞானபாய் வைக்கும் மாட்டிறைச்சி ஒரு வாரம் ஆனாலும் கெடாது. அமரவிளை செக்போஸ்டில் லாரியை ஓரங்கட்டிவிட்டு அனுமதிச் சீட்டுக்குக் காத்துக் கிடக்கும் டிரைவர்கள் முதல் பாறசாலைச் சந்தைக்குப் போகும் வெற்றிலைக்காரர்கள் வரை இதைச் சொல்வார்கள். அவள் கணவன் பொன்னுதாஸ் செக்போஸ்டுக்கு எதிரே ஓலை வேய்ந்த சாயாக்கடை ஒன்று வைத்திருந்தான். சாயா அவன் பொறுப்பு, அடுக்களை அவள் பொறுப்பு.

சனிக்கிழமை காலையில் இறைச்சி வாங்குவாள். தொடைக்கறிப் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டாள். கழுத்து, கன்னம், முழங்காலுக்குக் கீழே நரம்போடு கிடக்கும் சதை, இவைதான் விலை குறைவு. அதைச் சின்னதாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் இடித்த மிளகும் கொஞ்சம் புளித்த காடியும் பிசிறி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் பெரிய மண்சட்டியில் ஏற்றினால் இறைச்சி தன் தண்ணீரிலேயே வெந்து வற்றும். வற்றியதும் மேலே மூழ்கும்வரை தேங்காயெண்ணெய். தினமும் காலையில் சட்டியைக் கனலில் வைத்துச் சூடு காட்ட வேண்டும், ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, கீறிய தேங்காயும் கறிவேப்பிலையும் போட்டுக் கறுப்பாக வறுத்துத் தருவாள். ஃபிரிட்ஜ் என்ற ஒன்றை அந்தப் பக்கத்தில் யாரும் கண்ணால் கண்டிராத காலம் அது.

இந்தக் கைப்பக்குவத்தை யாராவது புகழ்ந்தால் ஞானபாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாவம், அடக்கமான பெண் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அடக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தச் சட்டியை வைத்துக்கொண்டு ஒருவனுக்கு அவள் செய்த துரோகம் நெஞ்சில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அது குடியிருப்பவனுக்கே மண் என்று நிலச்சட்டம் வந்து சில வருடங்கள் கழிந்த சமயம். ஞானபாயின் குடும்பமும் அடுத்த வீட்டுக் கார்த்தியாயினியின் குடும்பமும் பெரியவீட்டுக்காரர்களின் தோட்டத்துப் புரையிடத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள். ஆளுக்குப் பத்து சென்ட் பட்டயம் கிடைத்தது. அதுவரை ஆண்பிள்ளைகளின் உடம்பில் இருந்த பலமெல்லாம் பெரியவீட்டு நெல் சுமக்கவும் தேங்காய் சுமக்கவும் போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்தப் பலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இளவட்டங்கள் நின்றபோதுதான் பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்த சுவாமிதாஸ் இரண்டு புரையிடத்துக்கும் நடுவே ஒரு கொட்டகை போட்டார். லாரி ஆக்சில் ஒன்று, அதன் இரு முனையிலும் கான்கிரீட்டில் வார்த்த சக்கரங்கள், கிணற்றுக் கப்பியில் கட்டிய கயிறு. அதுதான் கசரத்துக் கொட்டகை.

சுவாமிதாஸ் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். “சோறும் மரச்சீனிக் கிழங்கும் தின்னா தொந்திதான் வரும், கேட்டியளா? சதைக்குச் சதை வேணும். புரோட்டீன் ஆக்கும் அது. தெனமும் கை நெறய எறச்சி தின்னணும். முட்டைக்கு வெலை கூடுதலு. பாலு சொசைட்டிக்குப் போவுது. பாவப்பட்டவனுக்கு மாட்டெறச்சிதான் கெதி.”

அங்கே தவறாமல் வந்தவர்களில் இரண்டு பேரை மட்டும் நாம் தெரிந்துகொண்டால் போதும். ஒருவன் ஞானபாயின் தம்பி சத்தியராஜ். அம்மா கண்ணை மூடியபோது அவன் தவழ்கிற பிள்ளை. ஞானபாய்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை, அதனால் அந்த இடுப்பு அவனுக்கே என்று ஆகிவிட்டது. மற்றவன் கார்த்தியாயினியின் மகன் அப்புக்குட்டன். பிறவியிலேயே அகன்ற தோள், எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற முகம்.

அப்புக்குட்டன் வீட்டில் மாட்டிறைச்சி படியேறாது. புரையிடத்தின் கன்னிமூலையில் யட்சியம்மைக்கு ஒரு கல் உண்டு, கார்த்தியாயினி ஒரு நாள் தவறாமல் விளக்கு வைப்பாள். அம்மைக்கு அது ஆகாது. ஆகவே அவன் ஒரு சனிக்கிழமை தேக்கிலைப் பொதியோடு ஞானபாயின் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, இதையும் சத்தியராஜனுக்க எறச்சிக்க கூட சேத்து வச்சு தரணும். எங்க வீட்டுச் சட்டியில ஏறாது. அம்மை அறிஞ்சா என்னைக் கொன்னு போடும்.”

“இஞ்ச தா மக்கா. ரெண்டும் ஒரே சட்டியில கெடக்கட்டு” என்றாள் அவள்.

அப்படித்தான் தொடங்கியது. வாரா வாரம் இரண்டு பேரும் தங்கள் தங்கள் பங்கைக் கொண்டுவருவார்கள். தினமும் கசரத்து முடிந்து வந்து அடுக்களைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் ஆளுக்கொரு கிண்ணம். தின்று முடித்ததும் அப்புக்குட்டன் கொல்லையில் போய் கொய்யா இலையைக் கசக்கி வாயெல்லாம் தேய்த்து, இருமுறை கொப்பளித்து, கையை முகர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவான். அதுவரை மாட்டிறைச்சியின் ருசியே அவனுக்குத் தெரியாது. ஞானபாய் வைத்துக் கொடுத்ததுதான் அவனுக்கு மாட்டிறைச்சி.

அந்த மார்கழியில் கொல்லத்துக்காரன் ஒருவன் வந்தான். பேர்ஷியாவுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட். வளைகுடா நாடுகளை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. படிப்பு வேண்டாம், பலம் வேண்டும். ஈஸ்டர் கழிந்து நெய்யாற்றின்கரையில் ஒரு மைதானத்தில் சோதித்துப் பார்த்து எடுப்பார்கள் என்றும், அமரவிளைப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஆள்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

சுவாமிதாஸ் கொட்டகையில் நின்று மீசையைத் தடவினார். “ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. எவன் போவான்னு தெய்வத்துக்குத்தான் தெரியும்.”

ஞானபாய்க்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. தம்பியின் தோளெலும்பு துருத்திக்கொண்டு நிற்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து தின்கிற அப்புக்குட்டனின் தோளைப் பார்த்தால் வயிறு எரிந்தது. இவனுக்கு எதற்கு இறைச்சி, இவன் கஞ்சி குடித்தாலே மூட்டை தூக்குவானே என்று தோன்றியது. தோன்றியதோடு நின்றிருந்தால் ஒன்றும் இல்லை.

தை மாதம் ஒரு நாள் பொன்னுதாஸ் விவரம் தெரியாமல் பிள்ளைகளின் சட்டியிலிருந்து அள்ளி ஒரு டிரைவருக்கு வறுத்துக் கொடுத்துவிட்டான். சாயங்காலம் பார்த்தால் இரண்டு கிண்ணத்துக்குப் போதாது. பலாமரத்தில் பிஞ்சுச் சக்கை விளைகிற காலம். கடைக்குத் தேங்காய் துருவிப் போட்ட தோரன் வைக்க ஒரு பிஞ்சை நறுக்கி அவித்து இடித்து வைத்திருந்தாள். பிஞ்சுச் சக்கையை இடித்தால் இறைச்சி மாதிரியே நார் நாராகப் பிரியும். அதில் ஒரு பிடியை எடுத்து இறைச்சிச் சட்டியின் எண்ணெயில் புரட்டி, மிளகும் தேங்காயும் போட்டுக் கறுப்பாக வறுத்தாள். மேலே நாலு துண்டு உண்மையான இறைச்சியை வைத்தாள். அந்தக் கிண்ணத்தை யார் முன்னால் வைப்பது என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. கை தானாகவே போயிற்று.

அப்புக்குட்டன் விரலை நக்கினான். “இன்னைக்கு நல்ல பதம் அக்கா. ஒரு நரம்பு இல்ல.”

அவன் மட்டும் அன்றைக்குக் கண்டுபிடித்திருந்தால் சிரித்து முடிந்திருக்கும். அடுத்த நாள் சனிக்கிழமை, புது இறைச்சி வந்து சட்டியில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கும் அவள் சக்கையை வறுத்தாள்.

பிறகு அது வழக்கமாகிப் போயிற்று. சில நாள் மனசு குத்தி, ஒழுங்காகப் பகிர்ந்து வைப்பாள். மறுநாள் தம்பி சக்கரத்தைத் தூக்கும்போது கை நடுங்குவதைப் பார்த்தால் மறுபடியும் சக்கைதான். அப்புக்குட்டன் தன் கையால் தேக்கிலையில் பொதிந்து கொண்டுவந்து கொடுக்கிற இறைச்சி சத்தியராஜின் கிண்ணத்தில் குவிந்தது.

ஒரு நாள் அப்புக்குட்டன் கொய்யா மரத்தடியில் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது சத்தியராஜ் தாழ்ந்த குரலில் கேட்டான். “அக்கா, எனக்க கிண்ணத்துல கூடுதலா இருக்கே?”

“தின்னுலே. பேசாதே.”

அவன் தின்றான். பேசவில்லை. அதன்பிறகு ஒருபோதும் கேட்கவும் இல்லை.

சோதனை நாளன்று ஞானபாயும் பொதிச்சோறு கட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போனாள். மைதானத்தில் ஒரு லாரி நின்றது. தரையிலிருந்து அதன் மேல்தட்டுக்கு ஒரு பலகை சாய்த்திருந்தார்கள். நனைந்த மணல் நிரப்பிய சாக்கைத் தோளில் ஏற்றி, பலகை வழியாக ஏறி மேலே போட வேண்டும், இறங்கி வந்து அடுத்ததை எடுக்க வேண்டும். யார் நின்றுவிடுகிறானோ அவன் வெளியே. உச்சி வெயில் ஏற ஏற ஒவ்வொருவனாக உட்கார்ந்தான். கடைசியில் சத்தியராஜும் அப்புக்குட்டனும் மட்டும் எதிரும் புதிருமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்புக்குட்டன் பலகையின் பாதியில் நின்றான். முழங்கால் ஆடியது. ஒரு நிமிடம் அவன் ஏறிவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஞானபாய்கூட அந்த நிமிடத்தில் “ஏறு மக்கா” என்று வாய்க்குள் சொன்னாள், அது சத்தியம். ஆனால் அவன் சாய்ந்தான். சாக்கு கீழே விழுந்து பிரிந்து மணல் கொட்டியது. அவன் அந்த மணல்மேல் உட்கார்ந்து தன் முழங்காலையே வெறித்துப் பார்த்தான்.

சக்கை தின்றதால்தான் கால் ஆடியதா, அல்லது இறைச்சியே தின்றிருந்தாலும் ஆடியிருக்குமா? யாருக்குத் தெரியும். டாக்டரைக் கேட்டால் ஒன்று சொல்வார், சுவாமிதாஸைக் கேட்டால் வேறொன்று சொல்வார். ஞானபாய்க்கு யாரையும் கேட்கத் துணிச்சல் இல்லை.

திரும்பி வரும் வழியில் சத்தியராஜை மற்றவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். அப்புக்குட்டன் அவளோடு நடந்தான். அவளுடைய சோற்றுப் பையை அவன்தான் தூக்கி வந்தான்.

“அக்கா வெசனப்படாண்டாம். நீங்க வச்சு தந்ததுல ஒரு கொறையும் இல்ல. எனக்க சரீரம் அதை ஏக்கல்ல. அவனும் நானும் ஒரே சட்டியில தின்னதுதானே? அவனுக்கு ஒட்டிச்சு, எனக்கு ஒட்டல்ல.”

அப்போது சொல்லியிருக்கலாம். ரோட்டில் வேறு யாரும் இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

வீட்டுக்குப் போன அப்புக்குட்டன் அம்மாவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கார்த்தியாயினி அழவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அவனைக் குளிக்கச் சொல்லி யட்சியம்மையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். “அம்மைக்குப் பிடிக்காதது ஒனக்கு எப்பிடி மோனே ஒட்டும்? நம்ம ரத்தத்துக்கு அது ஆகாது. அம்மை காட்டித் தந்தாச்சு.” இனி அந்த வம்சத்தில் யாரும் இறைச்சி தொடுவதில்லை என்று விளக்கின்மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஞானபாயின் காதில் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. அவள் மிஷன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். கல்லுக்குச் சக்தி இல்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அந்தக் கல்லுக்குச் சாட்சி தயார் பண்ணிக் கொடுத்தது தான்தான் என்று நினைத்தவள் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போடாமல் வாளிக்கே திரும்பப் போட்டாள்.

சத்தியராஜ் பேர்ஷியா போனான். பிறகு நடந்ததெல்லாம் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஓலைக்கூரை போய் கான்கிரீட் வந்தது. டேப் ரிக்கார்டர் வந்தது, பூப்போட்ட நைலக்ஸ் சேலை வந்தது, கடைசியில் ஃபிரிட்ஜும் வந்தது. கரண்டு பாதி நேரம் இருக்காது என்பதால் அதற்குள் ஞானபாய் பைபிளையும் சர்க்கரை டப்பாவையும் வைத்துப் பூட்டினாள். இறைச்சியை மட்டும் அதில் வைக்க மனம் வரவில்லை, பழையபடி மண்சட்டியிலேயே வைத்தாள்.

மிஷன் கோயிலிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. திருவிருந்துக்கு முன்னால் சபைப் போதகர் ஐயர் ‘தன்னைத்தானே சோதித்தறிந்து’ என்று தொடங்கினாலே அவளுக்கு முழங்கால் வலி வந்துவிடும். எல்லாரும் பீடத்துக்குப் போக அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். வாதம் என்றாள். சபைப் பெண்கள் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். இல்லாத வாதத்துக்கு அந்தத் தைலத்தையும் வருடக்கணக்கில் தேய்த்தாள்.

அப்புக்குட்டன் செக்போஸ்டில் சுமட்டுக்காரன் ஆனான். லாரியிலிருந்து இறக்கிச் சோதித்த மூட்டைகளைத் திரும்ப ஏற்றும் வேலை. நெய்யாற்றின்கரை மைதானத்தில் ஒரு நாள் செய்ததை வாழ்நாள் முழுக்கச் செய்தான். விலாசினியைக் கட்டினான், ஓமனக்குட்டி என்று ஒரு பெண் பிறந்தாள். கார்த்தியாயினி காலமானாள். அவன் தினமும் பொன்னுதாஸின் கடையில் தோசை தின்பான், யாரிடமும் ஒரு கோபம் கிடையாது. புது டிரைவர்கள் யாராவது இறைச்சி தின்னச் சொன்னால் சிரித்துக்கொண்டே சொல்வான். “நமக்கு அது ஆகாது கேட்டியளா. மாசக் கணக்குல மாடு தின்னு பாத்தவனாக்கும் நான். ஒரு துண்டு ஒடம்புல ஒட்டல்ல. வேணும்னா அக்காட்ட கேளுங்க.”

டிரைவர்கள் சிரிப்பார்கள். உள்ளே ஞானபாய் வறுவலைக் கிளறிக்கொண்டே இருப்பாள். இவன் ஒரு முறையாவது நம்மைத் திட்டக்கூடாதா என்று இருக்கும்.

ஓமனக்குட்டி அப்பாவின் தோளோடு பிறந்த பெண். பத்தாம் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் குண்டெறிதலில் அவளை வெல்ல ஆள் இல்லை. டிரில் டீச்சர் லீலாபாய் ஒரு நாள் சாயாக்கடைக்கே வந்து அப்புக்குட்டனைப் பிடித்தாள்.

“பிள்ளைக்க கையில எடுப்பு உண்டு. திருவனந்தபுரத்துல ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு அடுத்த மாசம் செலக்ஷன். கிட்டிச்சுன்னா படிப்பும் சாப்பாடும் அவங்களே பாத்துக்கிடுவாங்க. ஆனா மூணாவது தடவை எறியும்போ கை தளந்து போவுது. எறச்சி குடுங்க. முட்டையாவது குடுங்க.”

அப்புக்குட்டன் கைகூப்பினான். “டீச்சரே, வேற என்ன வேணும்னாலும் செய்யுதேன். எறச்சி எங்க ரத்தத்துக்கு ஆகாது. நான் அனுபவிச்சவனாக்கும். பயறு அவிச்சுக் குடுக்கேன், நிலக்கடலை குடுக்கேன்.”

“இது என்ன பேச்சு? எந்த ரத்தத்துக்கு ஆகாது?”

“அக்காட்ட கேளுங்க” என்றான் அவன்.

டீச்சர் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஞானபாய் ஒன்றும் கேட்காதவள் மாதிரி அடுப்பை ஊதினாள். ஊதி ஊதிக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அன்றைக்கும் வாய் வரவில்லை. ஆனால் அவள் வேறொரு வழி கண்டுபிடித்தாள், அதுவும் திருட்டு வழிதான். ஓமனக்குட்டி தினமும் சாயங்காலம் மாட்டுக்குக் கஞ்சித்தண்ணீர் எடுக்க வருவாள். அவளை அடுக்களைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கிண்ணம் இறைச்சியை முன்னால் வைத்தாள்.

“தின்னு மக்கா. வீட்டுல சொல்லாண்டாம்.”

“அப்பா சத்தியம் பண்ணியிருக்கு, பெரியம்மே.”

“சத்தியம் பண்ணினது ஒனக்க அப்பனாக்கும். நீ இல்ல. தின்னு.”

பெண் தின்றாள். பசிக்கிற வயது. ஞானபாய் சட்டியிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கி வைத்தாள், நல்ல துண்டெல்லாம் அவளுக்கு. அவள் கொல்லையில் போய் கொப்பளித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கையில் ஞானபாய்க்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகும். இப்படியே யாருக்கும் தெரியாமல் கடனைத் தீர்த்துவிடலாம், வாயைத் திறக்கவே வேண்டாம் என்று நினைத்தாள். குண்டு தூரம் தூரமாய்ப் போக ஆரம்பித்தது. லீலாபாய் டீச்சர் துள்ளினாள். பயறு அவித்துக் கொடுத்ததன் பலன் என்று அப்புக்குட்டன் ஊரெல்லாம் சொன்னான். யட்சியம்மைக்குத் தேங்காய் உடைத்தான்.

செலக்ஷனுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆசை மிகுதியால் ஞானபாய் அளவுக்கு மேல் ஊட்டிவிட்டாளோ, வெயிலில் போய் எறிந்ததாலோ, ஓமனக்குட்டி வீட்டு முற்றத்தில் வாந்தி எடுத்தாள். வாந்தியைக் கண்டதும் அப்புக்குட்டனுக்குப் புரிந்துவிட்டது. பெண் அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள்.

அவன் வந்தபோது ஞானபாய் தனியாக இருந்தாள். அடுக்களை வாசலில் நின்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அக்கா, வேற யாரு குடுத்திருந்தாலும் நான் சகிப்பேன். நீங்க குடுக்கலாமா? எங்களுக்கு ஆகாதுன்னு இந்த லோகத்துல அறிஞ்ச ஒரே ஆளு நீங்களாக்கும். ஒங்க கையால வச்சு தந்து, ஒங்க கண்ணால பாத்ததுதானே? நான் மணல்ல கெடந்தப்போ நீங்க அங்ஙன நிக்கல்லியா? பாத்தியளா, பிள்ளை ஒடம்பும் அதைத் தள்ளியாச்சு. அம்மைக்க கோவம் என்னோட தீந்துபோட்டுன்னு நெனச்சேன். செலக்ஷனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அவ வீட்டுல இருக்கட்டு.”

“அப்பு...”

“வேண்டாம் அக்கா. நான் போறேன்.”

“நில்லுலே!” அவள் போட்ட சத்தத்தில் அவளே பயந்துபோனாள். “ஒனக்க ரத்தத்துக்கு ஒரு கொறையும் இல்ல. நீ எறச்சி தின்னல்ல.”

அவன் புரியாமல் பார்த்தான்.

“நான் ஒனக்குத் தந்தது சக்கையாக்கும். இடிச்ச சக்கை. எறச்சிக்க எண்ணெயில புரட்டி, மேலே நாலு துண்டு வச்சு தந்தேன். நீ கொண்டு வந்த எறச்சிய அவனுக்குப் போட்டேன். அவன் போகணும்னு ஆசை. வேற ஒண்ணும் இல்ல மக்கா, அவன் போகணும்னு ஆசை.”

வெளியே ஒரு லாரி நெடுநேரம் ஹாரன் அடித்தது. அப்புக்குட்டன் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“எல்லா நாளுமா?”

“கூடுதல் நாளும்.”

“சத்தியராஜனுக்குத் தெரியுமா?”

“நான் சொல்லல்ல. அவன் ஒரு நாள் கேட்டான். தின்னுலேன்னு சொன்னேன்.”

அவன் நிலையிலிருந்து கையை எடுத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். “அப்போ எங்க அம்மை? அவ சாகும்போகூட நான்தான் தெய்வகுத்தம் பண்ணிப்போட்டேன்னு சொல்லி அழுதா அக்கா. என்னைக்கொண்டு வீட்டுக்குத் தோஷம் வந்துன்னு சொல்லித்தான் செத்தா. அது?”

ஞானபாய் இத்தனை வருடமும் அவனுடைய காலைப் பற்றி, அவன் போகாத பேர்ஷியாவைப் பற்றி, கட்டாத வீட்டைப் பற்றி நினைத்து வருந்தியிருக்கிறாள். இதை நினைத்ததே இல்லை. அவன் காலைப் பிடிக்கலாம் என்று குனிந்தாள். அவன் ஒதுங்கி வெளியே போய்விட்டான்.

மறுநாள் அவன் தோசை தின்ன வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஓமனக்குட்டி கஞ்சித்தண்ணீருக்கு வரவில்லை. என்ன சங்கதி என்று பொன்னுதாஸ் கேட்டான், அவனிடமும் சொல்லிவிட்டாள். பொன்னுதாஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடையின் முன்பக்கம் போனவன்தான், அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. சொன்னால் பாரம் இறங்கும் என்று கோயிலில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். எதுவும் இறங்கவில்லை. தன் மனம் ஆறுவதற்காகத்தான் சொன்னோமோ, அதற்கு அவன் தாயின் சாவையும் அவன் தலையில் புதிதாகத் தூக்கி வைத்துவிட்டோமோ என்று அது வேறு சேர்ந்துகொண்டது. செலக்ஷன் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை. பெண் போகிறாளா இல்லையா என்று கேட்க அவளுக்கு வாய் ஏது?

சனிக்கிழமை காலையில் அவள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. அப்புக்குட்டன் நின்றான். கையில் தேக்கிலைப் பொதி. பின்னால் ஓமனக்குட்டி, தலையைக் குனிந்துகொண்டு.

“எறச்சி” என்று பொதியை நீட்டினான். “பிள்ளைக்கு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் வேணும், அங்க கிட்டிச்சுன்னா கொண்டு போகவும் வேணும். விலாசினிக்கு இது வைக்கத் தெரியாது. கெடாம வைக்க இந்த ஊர்ல வேற ஆளு இல்ல.”

அக்கா என்று அவன் சொல்லவில்லை. ஞானபாய் இரண்டு கையாலும் பொதியை வாங்கினாள். அவன் திரும்பிப் போவான் என்று நினைத்தாள். அவன் பெண்ணைப் பள்ளி மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, மூலையில் கிடந்த முக்காலியை அடுப்புக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அவள் இறைச்சியை நறுக்கினாள். அவன் பார்த்தான். உப்பும் மஞ்சளும் மிளகும் பிசிறினாள். அவன் பார்த்தான். சட்டியை ஏற்றித் தீயைத் தணித்து, மூடியை எடுத்துச் சட்டியின்மேல் வைக்கப் போனாள்.

“மூடாண்டாம்” என்றான் அப்புக்குட்டன்.

“தொறந்து வச்சா வேக நேரம் ஆவும் மக்கா.”

“நேரம் ஆவட்டு. நான் இருக்கேன்.”

ஞானபாய் மூடியைத் தரையில் வைத்தாள்.